வெள்ளையனுக்குச் சொன்னதும் எனக்குச் சொன்னதும்

மாமி,

இன்று மத்தியானம் கரண்ட் நின்றுவிட்டது. விறாந்தைச் சுவரில் இருக்கும் இன்வேட்டர் பெட்டி வழக்கம்போல் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுத் தன் வேலையைத் தொடங்கியது. தலைக்கு மேலே காற்றாடி ஒரு கணம் தயங்கிவிட்டுத் திரும்பவும் சுற்றியது. கதிரைக்குக் கீழே படுத்திருந்த உங்கள் பூனை வெள்ளையன் தலையைத் தூக்கி உங்கள் அறைவாசலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பூனைக்கு என்ன விளங்கியதோ தெரியாது. என் வாய் மட்டும், "மாமி, பயப்பிடாதேங்கோ, பெட்டி ஓடுது" என்று சொல்லி முடித்துவிட்டது.

குசினியில் இருந்து உங்கள் மகள் எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றாள். அவள் கையில் இருந்தது முருங்கைக்காய்.

நீங்கள் போன பிறகு உங்களோடு கதைக்க எனக்குக் கனக்க விஷயம் சேர்ந்து கிடக்கிறது. இருக்கும்போது கனகாலம் கதைக்காத ஆள் போன பிறகு கதைப்பதற்கு உங்கள் மகள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது.

நாங்கள் கதைக்காமல் இருந்தது கோபத்தில் இல்லை. மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் சல்லி ஊரில் நீங்கள் வளர்ந்த வீட்டில் இல்லை. அதைப் பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் விடவில்லை. நான் இரண்டடி தள்ளியிருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் குசினி வாசலில் நின்று, "பிள்ளை, அவருக்குக் கேள், இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ எண்டு" என்பீர்கள். உங்கள் மகள் என்னைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்த்து, "காணுமெண்டு சொல்லு" என்பேன். மூன்று பேரும் இரண்டடிக்குள் இருந்துகொண்டு தபால் அனுப்பினோம்.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விட்டால் தபால்காரன் வெள்ளையன்தான். "வெள்ளையன், கடைப்பக்கம் போறவை வெத்திலை வாங்கிக்கொண்டு வருவினமோ தெரியாது" என்று அவனிடம் சொல்லுவீர்கள். நான் பேசாமல் சைக்கிளை எடுப்பேன். வெற்றிலைக்கு நன்றி சொன்னாலும் அது அவனுக்குத்தான் போகும். வாங்கி வந்த எனக்கு ஒரு சின்ன இருமல் கிடைக்கும். அந்த இருமலுக்குள் 'நல்ல வெத்திலை' என்ற அர்த்தம் இருப்பதை நான் கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலத்திலேயே படித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தை இரண்டு தரம் எழுதியும் பாஸ் பண்ணாதவன் நான். உங்கள் இருமலை மட்டும் ஒரே தரத்தில் பாஸ் பண்ணினேன்.

பிறகுதான் அந்த இருமலுக்குள் வேறு அர்த்தம் வரத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் உங்கள் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் ஒட்சிசன் மெசின் ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். கனடாவில் இருக்கும் உங்கள் மகன் வாங்கித் தந்தார். அது உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது எங்களுக்கெல்லாம் நிம்மதி. கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும், உங்கள் உதடு நீலம் பாரிக்கும். அவசரத்துக்கு ஒரு சின்னச் சிலிண்டர் மூலையில் நின்றது. ஆனால் எங்கள் பக்கத்துக் கரண்ட் அவசரமாகத் திரும்பி வருகிற சாதி இல்லையே. அதனால்தான் பற்றரியும் இன்வேட்டரும் வந்தன. கரண்ட் நிற்கிற நேரமெல்லாம் உங்கள் மூச்சு அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. இதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

பொருத்துவதற்குக் கிண்ணியாவில் இருந்து நசீர் நானா வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? வேலை தொடங்கமுதலே நீங்கள் அவரிடம் நேரே கேட்டீர்கள்.

"தம்பி, இதைச் சாமியறையில வைப்பமே? வீட்டுக்கு வெளிச்சம் தாற சாமான்."

"ஏலாதும்மா. அங்க விளக்கு, கற்பூரம், சாம்பிராணி. இதுக்கும் நெருப்புக்கும் சரிவராது. உங்கட ஒட்சிசனுக்கும் நெருப்புக்கும் அதவிடச் சரிவராது."

"அப்ப நான் சாமிக்கு விளக்கு வைக்கிறேல்லையோ?"

"மகள் வைக்கட்டும். நீங்க குழாயோட போய்க் கிட்ட நிக்காதீங்க. இஞ்ச இருந்து கும்பிட்டாலும் அவருக்குக் கேக்கும்."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு அவருடைய பிள்ளைகள், அவருடைய தாய், கிண்ணியாத் தயிர் என்று கதை நீண்டது. இத்தனை வருடத்தில் என்னோடு கதைக்காததை எல்லாம் அந்த ஒரு காலையில் அவரோடு கதைத்து முடித்தீர்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொறாமை என்று சொல்ல மாட்டேன். ஏணி கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான்.

குசினியும் வேண்டாம், படுக்கையறையும் வேண்டாம் என்று விறாந்தைச் சுவரில், மழைச் சாரல் படாத, வெயில் விழாத இடமாகப் பார்த்து வைத்தார். பெட்டிக்கு மேலும் பக்கத்திலும் ஒன்றும் வைக்கக்கூடாது, அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டும் என்றார். ஒட்சிசன் மெசின், ஒரு காற்றாடி, இரண்டு பல்பு, இவ்வளவுதான் அந்தப் பெட்டியில் ஓடலாம். கேத்தலும் ஸ்திரிக்கைப் பெட்டியும் அதற்குப் பக்கத்தில்கூட வரக்கூடாது. கரண்ட் நின்று பெட்டி ஓடும்போது இடைக்கிடை ஒரு 'பீப்' வரும், அது சும்மா. விடாமல் கத்தினால் சும்மா இல்லை. "அப்ப உடன ஆளக் கூப்பிடுங்க" என்று உங்களுக்கும் சொன்னார், எனக்கும் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினோம். கூப்பிடுகிற ஆளும் வருகிற ஆளும் ஒருவரோடொருவர் கதைக்காதவர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நானா போய்க் கொஞ்ச நாளில் பெட்டிக்குச் சட்டை வந்தது.

எங்கள் வீட்டில் டீவிக்குச் சட்டை உண்டு, ரேடியோவுக்கு உண்டு, தையல் மெசினுக்கு உண்டு, தண்ணீர்க் குடத்துக்கும் உண்டு. எல்லாம் நீங்கள் வெள்ளை நூலால் பின்னியவை. பெட்டிக்குப் பின்னிய சட்டையின் கரையில் சின்னச் சின்ன மாம்பிஞ்சு வேறு. மூச்சுக் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, உங்கள் மூச்சுக்கு உதவுகிற சாமானுக்கு நீங்கள் பின்னித் தந்த துணி. அதைப் பார்த்துவிட்டு நான் என்ன சொல்லுவது?

உங்கள் மகளிடம் சொன்னேன். "மூடக்கூடாதெண்டு நானா சொன்னவரெல்லே. மாமிக்குச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"நான் எப்பிடிச் சொல்லுறது?"

"வாயாலதான்."

அவள் சொன்னாள் போலிருக்கிறது. நீங்கள், "அது ஓட்டைத் துணிதானே பிள்ளை, காத்துப் போகும்" என்றீர்களாம். அதற்குப் பிறகு நடந்தது ஊமைப் படம். நீங்கள் கண்ணயர்ந்த நேரம் நான் துணியை எடுத்து மடித்துக் கதிரையில் வைப்பேன். சீனன்குடாவில் களஞ்சியக் காவல் முடிந்து வீட்டுக்கு வந்தால் துணி திரும்பவும் பெட்டியில் இருக்கும், மாம்பிஞ்சு முன்பக்கமாக. எடுத்தது நான் என்று உங்களுக்குத் தெரியும். போட்டது நீங்கள் என்று எனக்கும் தெரியும். வாய் திறக்க இரண்டு பேருக்கும் ஏலாது.

கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசிய அந்தக் கிழமை, தூசிக்குப் பயந்து நீங்கள் துணியை இரண்டாக மடித்துப் போட்டீர்கள். அதற்குக் கீழே ஒரு துவாய்த் துண்டும் வைத்தீர்கள். குளிருக்குப் பிள்ளையைப் போர்த்துவதுபோல அணைத்துச் சொருகியும் விட்டிருந்தீர்கள். அன்றைக்கு எனக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை. குசினிக் கூரையில் ஒரு தகரம் காற்றுக்குப் படபடவென்று அடித்ததால் பெட்டிப் பக்கம் போகாமலே ஏணியைச் சாத்தி ஏறிவிட்டேன். வீட்டில் நீங்களும் நானும் வெள்ளையனும்தான். எங்கோ மரம் விழுந்திருக்க வேண்டும், கரண்ட் நின்றது. பெட்டி 'டிக்' என்றது. நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

கனநேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க இறங்கி வந்தேன். ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன். நீங்கள் கட்டிலில் சாய்ந்திருந்து பூனையைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"வெள்ளையன், பெட்டி முந்தி ஒண்டொண்டாக் கத்தினது. இப்ப விடாமக் கத்துது. ஆரும் பாக்கினமோ?"

என் காதில் விழுந்தது, மாமி. தகரத்தின் இரைச்சல் என் தலைக்குள் இன்னும் நிற்க, துவாய்க்குள் அமுங்கிய பெட்டியின் சத்தமும் கேட்காமல், பூனையோடு ஏதோ மீன் கதை என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் ஏணியில் ஏறினேன். இத்தனை வருடமும் எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் பூனைக்குச் சொன்னீர்கள். நானும் வெற்றிலையையும் விளங்கிக்கொண்டேன், தேங்காயையும் விளங்கிக்கொண்டேன். இதை மட்டும் பூனைக்கே விட்டுவிட்டேன்.

அடுத்த ஆணியை அடிக்க ஓங்கியபோது உள்ளே மெசின் அலறியது. பெட்டி கொதித்துத் தன்னைத்தானே நிறுத்திவிட்டது. ஏணியில் இருந்து இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. உங்களைப் பார்க்காமல் நேரே பெட்டியிடம்தான் ஓடினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் ஒரு பொத்தான் இருக்கிறது என்பதுதான். அமத்தினேன். அணைந்தது. திரும்ப அமத்தினேன். விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. லிஃப்டைக் கூப்பிடுகிறவன்போல அமத்திக்கொண்டே நின்றேன்.

"தம்பி!"

வீட்டில் வேறு ஆள் இல்லை என்பது தெரிந்தும் நான் திரும்பிப் பார்த்தேன், யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று.

"தம்பி... அதை அமத்தாதேங்கோ... சிலிண்டர்... துணியை எடுங்கோ..."

ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீங்கள் பட்ட பாட்டை எழுத எனக்குக் கை வரவில்லை. துணியை இழுத்து எறிந்தேன். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன். அதன் சாவியைப் பிடித்தேன். எந்தப் பக்கம் திறப்பது என்று மறந்து நின்றபோது நீங்கள் விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினீர்கள், இடப்பக்கம் என்று. 'உஸ்' என்று சத்தம் வந்தது. குழாயை மாற்றினேன். உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். நிறம் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுத்ததோ, அதுவரைக்கும் நானும் மூச்சு விடவில்லை.

நானாவுக்கு ஃபோன் எடுத்தேன். "சுவிச்ச ஓஃப் பண்ணுங்க, ஆறட்டும், திரும்பப் போடாதீங்க" என்றார். "பற்றரி வீங்கியிருக்கா? புகை மணம் வருதா? வந்தா அம்மாவத் தூக்கிக்கொண்டு வெளிய போயிடுங்க. பெட்டியப் பாத்துக்கொண்டு நிக்காதீங்க." வீக்கமும் இல்லை, புகையும் இல்லை. சூடு மட்டும்தான். சிலிண்டர் முடிய முதல் அவர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்து, தூசி தட்டி, எல்லாம் சரி என்றார். பிறகு நிலத்தில் கிடந்த மாம்பிஞ்சுத் துணியை எடுத்து உதறி அழகு பார்த்தார்.

"நல்ல வேலப்பாடு. ஆரு போட்டது?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

"வெள்ளையன்" என்றேன்.

உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க மூச்சுக் காணாமல் கையால் கட்டிலைத் தட்டினீர்கள். நானா பூனையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் உங்கள் மகளும் எங்கள் மகள் சின்னவளும் வந்து, நடந்ததைக் கேட்டு, அழுது, ஏசி, ஓய்ந்த பிறகு வீடு பழையபடி ஆனது. நீங்கள் வழக்கம்போல் தொடங்கினீர்கள்: "பிள்ளை, அவருக்குக் கேள், தேத்தண்ணி..." அந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள். வசனத்தின் நடுவில் பாலம் உடைந்ததுபோல. பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் மாமி" என்றேன். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள்.

அதற்குப் பிறகு உங்களை நிற்பாட்டவா ஏலும்? அவ்வளவு வருடக் கதையையும் சேர்த்து வைத்திருந்த மனிசி. காலையில் நான் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்து எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று வாசிப்பேன். நீங்கள் கட்டிலில் இருந்து, "விசிறி சுத்துதோ? கையை வைச்சுப் பாருங்கோ. கம்பியில கையை வைக்காதேங்கோ" என்பீர்கள். ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரம் சம்பலுக்கு மிக்சியை அந்த வயரில் கொழுவப் போனேன். கையும் மெய்யுமாகப் பிடிபட்டேன்.

"தம்பி, எனக்கு மூச்சு வேணுமோ, உங்களுக்குச் சம்பல் வேணுமோ?"

"ரெண்டும் வேணும் மாமி."

"அப்ப அம்மியில அரையுங்கோ."

அரைத்தேன். ஆயுத பூசைக்குப் பெட்டிக்கும் பொட்டு வைக்கவேண்டும் என்று நின்றீர்கள். நானா சம்மதிக்க மாட்டார் என்றேன். நீங்களே அவருக்கு ஃபோன் எடுத்துப் பேரம் பேசினீர்கள். கடைசியில் மாலையும் இல்லை, கற்பூரமும் இல்லை, பெட்டியில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை, பக்கத்துச் சுவரில் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு என்று முடிந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். "இன்னும் கொஞ்சம் மேல. ஐயோ, கோணல். பரவாயில்லை, சாமிக்கு உங்களைத் தெரியும்." அது கோணலாகவே இருக்கிறது.

போன மாரியில் உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஒரு இளம் டொக்டர் வந்து என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் வெளியில வாங்கோ" என்றார். உங்கள் மகள் அந்தச் சொல்லிலேயே உடைந்துபோனாள். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"டொக்டர் தம்பி, வெளியில போய்க் கதைக்க வேண்டாம். எனக்கு நேர சொல்லுங்கோ. உங்களுக்கு ஏலாட்டி இவருக்குச் சொல்லுங்கோ. இவர் என்ர மருமகன். இவர் எனக்கு நேர சொல்லுவார்."

டொக்டர் மெல்லிய குரலில் எனக்குச் சொன்னார். நான் உங்கள் கட்டில் ஓரத்தில் இருந்தேன். கையைப் பிடிக்கலாமா என்று யோசித்துவிட்டு, பிடித்தேன்.

"மாமி, இனி மருந்து வேலை செய்யாதாம். இங்க இருக்கிறதும் வீட்டில இருக்கிறதும் ஒண்டுதானாம்."

"ஓம்" என்றீர்கள். "எனக்குத் தெரியும். பிறகென்ன, வீட்ட போவம். பெட்டி இருக்குத்தானே."

கொஞ்சம் பொறுத்து, "ஆள் இல்லாத வீட்டில கரண்ட் நிண்டா வெள்ளையன் என்ன செய்வான்?" என்றீர்கள். அழுதுகொண்டு நின்ற உங்கள் மகளும் சிரித்துவிட்டாள்.

வீட்டில் இருந்த நாட்களில் மழைக்கும் காற்றுக்கும் பல தரம் கரண்ட் நின்றது. ஒரு தரமாவது பெட்டி பிழை விடவில்லை. ஒவ்வொரு தரமும் நான் வந்து, "மாமி, பயப்பிடாதேங்கோ, பெட்டி ஓடுது" என்பேன். "எனக்கென்ன பயம், நீங்கள்தான் வேர்த்து நிக்கிறீங்கள்" என்பீர்கள். கடைசியில் நீங்கள் போனது கரண்ட் இருந்த ஒரு காலையில். மெசின் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். நான் ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பற்றரி நிறைந்து இருந்தது. ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து உங்கள் மகளிடம், "பெட்டி சரியாத்தான் இருக்கு" என்றேன். அவளுக்கு விளங்கியது.

இப்போது நான் கதைக்கிற மனிசனாகிவிட்டேன். களஞ்சியத்தில் மேலாளருக்கு ஒன்று சொல்லவேண்டும் என்றால் முந்தி மூன்று பேர் மூலமாகச் சொல்லி அனுப்புவேன். இப்போது கதவைத் தட்டிப் போகிறேன். சின்னவள் ஏதும் கோபத்தில் இருந்தால் தாயிடம் விசாரிக்காமல் அவள் முன்னால் போய்க் கதிரையைப் போட்டு இருக்கிறேன். அவள் கதவைச் சாத்தத்தான் செய்கிறாள். ஆனாலும் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் சாத்துகிறாள்.

உங்கள் மெசினுக்குப் புதுக் குழாய் போட்டு, தூசி வடிகட்டியைக் கழுவி, போன மாதம் உப்புவெளியில் ஒரு வயதானவருக்குக் கொடுத்தோம். நசீர் நானாதான் அந்த வீட்டுக்கும் பெட்டி பொருத்தினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மகன் கடலுக்குப் போகிறவர், அன்றைக்கும் வீட்டில் இல்லை. மருமகள் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள். நானா எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார்: மூடாதீங்க, நனைக்காதீங்க, விடாமக் கத்தினா உடன ஆளக் கூப்பிடுங்க. சீலைக்குப் பின்னால் இருந்து, "அவருக்கு விளங்கினதோ எண்டு கேளுங்கோ" என்று ஒரு குரல் வந்தது. கட்டிலில் இருந்து, "விளங்கினதெண்டு அவவுக்குச் சொல்லுங்கோ" என்று இன்னொரு குரல் வந்தது.

நானா சுவிச்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"நில்லுங்கோ நானா" என்றேன். "தங்கச்சி, பெட்டி விடாமக் கத்தினா என்ன செய்வீங்கள்?"

"வீட்டுக்காரர் வந்த உடன அவருக்குச் சொல்லுவன்."

"அவர் கடலில நிண்டா?"

நான் பெட்டிப் பக்கம் விரலை நீட்டினேன்.

"இப்ப கத்துதெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. சொல்லுங்கோ பாப்பம். எனக்கில்லை, உங்கட மாமாவுக்கு."

நானா பெட்டியைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தார். சீலை மெல்ல விலகியது. கண் நிலத்தில் இருந்தது, குரல் மட்டும் வந்தது.

"மாமா... பெட்டி கத்துது."

கிழவர் திடுக்கிட்டு எழும்பி இருந்தார். "ஆருக்குப் பிள்ளை சொல்லுறாய்?"

"உங்களுக்குத்தான் மாமா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் நின்ற சிலிண்டரைக் கையால் காட்டி, "அப்ப அதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவா பிள்ளை" என்றார்.

அவள் கொண்டுவந்து வைத்தாள்.

"இனிப் போடுங்கோ நானா" என்றேன்.